காரின் முன் பிரேக் கீச்சிட்டால்: காரணம் கண்டு சரிசெய்யும் முழுமையான வழிகாட்டி

பிரேக் கீச்சிடத் தொடங்கியதும் பெரும்பாலோர் முதலில் செய்வது புதிய பேட் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்னும் இரும்பு வட்டை அழுத்திப் பிடிக்கும் உராய்வுத் துண்டு) வாங்கி மாட்டுவதுதான். ஒரு வாரம், பத்து நாள் ஒலி அடங்கியிருக்கும்; பிறகு அதே கீச்சொலி, அதே சக்கரத்திலிருந்து திரும்பி வரும். பேட் உட்கார்ந்திருக்கும் இடத்தையும், பேட்டை டிஸ்கின்மேல் அழுத்தும் காலிப்பர் என்ற பாகம் நகரும் பின்களையும் (உருளைக் கம்பிகளையும்) யாரும் தொட்டிருக்க மாட்டார்கள் என்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

கரும்பலகையில் எழுதும்போது முழுச் சாக்பீஸை அதன் கோடியில் பிடித்தால் அது கிறீச்சிடும். அதையே இரண்டாக உடைத்து, நுனிக்கு அருகே அழுத்திப் பிடித்தால் ஒலி நின்றுவிடும். பிரேக் பேட்டும் அப்படித்தான்: டிஸ்கில் ஒட்டுவதும் வழுக்குவதுமாக நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிரும்போதுதான் கீச்சொலி பிறக்கிறது. பேட் ஆடாமல் உட்கார வேண்டும், அதே நேரத்தில் தடையின்றி முன்னும் பின்னும் நகரவும் வேண்டும். கீழே வரும் வேலைகள் எல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் டிஸ்க்கும் பின்னால் டிரம்மும் இருக்கின்றன. முன் டிஸ்கில், பேட்டைத் தள்ளும் ஒற்றைப் பிஸ்டன் கொண்ட, பின்களின் மேல் நகரும் காலிப்பர் இருக்கும். அந்த அமைப்பை மனத்தில் வைத்தே இதை எழுதியிருக்கிறேன். பின்சக்கரத்திலும் டிஸ்க் உள்ள கார்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை 8-ஆம் பகுதியில் இருக்கிறது.

1. ஒலி எப்போது வருகிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து, ஒலி எந்த நேரத்தில், எந்த வேகத்தில், பெடலை எவ்வளவு அழுத்தும்போது வருகிறது என்று குறித்து வையுங்கள். இந்தக் குறிப்பு இல்லாமல் சக்கரத்தைக் கழற்றினால் எதைத் தேடுகிறோம் என்பதே தெரியாது.

காலையில் முதல் நான்கைந்து பிரேக்குகளில் மட்டும், அல்லது மழைக்கும் வாட்டர் வாஷுக்கும் பிறகு மட்டும் வந்து போகிற ஒலிக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை. டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. ஓர் இரவு ஈரம் பட்டாலே அதன்மேல் மெல்லிய துரு படியும். பேட் அதை வழித்தெடுக்கும் ஒலியே அது. கடலோர ஊர்களில் இது இன்னும் அதிகமாகக் கேட்கும்.

பிரேக்கை அழுத்தாமல் ஓடும்போதே மெல்லிய கீச்சொலி தொடர்ந்து வந்து, பெடலை அழுத்தியதும் நின்றாலோ மாறினாலோ, தேய்மான எச்சரிக்கைத் தகடு டிஸ்கைத் தொடுகிறது என்று பொருள். பேடில் உராய்வுப் பொருள் 2 முதல் 3 மி.மீ. வரை குறைந்ததும் உரசி ஒலி எழுப்புவதற்கென்றே அந்தச் சிறு தகட்டை வைத்திருக்கிறார்கள். இதற்கு மருந்து புதிய பேட் மட்டும்தான்.

சிக்னலை நெருங்கும்போது, குறைந்த வேகத்தில், மெல்ல அழுத்தும்போது மட்டும் கீச்சிட்டு, பலமாக அழுத்தினால் நிற்கிற ஒலிதான் நான் மேலே சொன்ன சாக்பீஸ் ஒலி. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி இதைப் பற்றியதே.

பெடலை அழுத்தும்போது இரும்போடு இரும்பு உரசும் கரகரப்புக் கேட்டால், அதைக் கீச்சொலி என்று நினைத்து ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள். உராய்வுப் பொருள் முழுதும் தீர்ந்து, பேடின் இரும்புத் தகடே டிஸ்கைச் சீவிக்கொண்டிருக்கக்கூடும். காரை அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழைப்பதே நல்லது.

எந்தச் சக்கரம் என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஏசியையும் பாட்டையும் நிறுத்திவிட்டு, கண்ணாடிகளை இறக்கி, ஆளில்லாத தெருவில் நீளமான காம்பவுண்டு சுவரை ஒட்டி 15 கி.மீ. வேகத்தில் சென்று மெல்லப் பிரேக் பிடியுங்கள். சுவரில் பட்டு ஒலி திரும்பி வரும். பிறகு சுவர் மறுபக்கம் வருமாறு எதிர்த்திசையில் அதையே செய்யுங்கள். எந்தப் பக்கம் சுவர் இருக்கும்போது ஒலி உரக்கக் கேட்கிறதோ, பழுது அந்தப் பக்கம். காருக்குள் உட்கார்ந்து காதை மட்டும் நம்பினால் இடமும் வலமும் மாறிவிடும். நானே ஒருமுறை தவறான சக்கரத்தைக் கழற்றி அரைநாளை வீணடித்திருக்கிறேன்.

2. கையில் இருக்க வேண்டியவை

ஜாக்கி, வீல் ஸ்பேனர், காரின் எடையைத் தாங்கும் இரண்டு ஜாக் ஸ்டாண்டுகள், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க இரண்டு மரக்கட்டைகள் ஆகியவை கட்டாயம். இவற்றோடு காலிப்பர் போல்ட்டுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர், பின்னைப் பிடித்துக்கொள்ள மெல்லிய ஓப்பன் ஸ்பேனர், சி-கிளாம்ப், வயர் பிரஷ், சிறிய தட்டை அரம், 120 எண் உப்புத்தாள், ஒரு முழம் கட்டுக்கம்பி, பிரேக் கிளீனர் ஸ்பிரே, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிகான் அல்லது செயற்கை கிரீஸ், கையுறை, முகக்கவசம் வேண்டும்.

கிரீஸ் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். வீட்டில் இருக்கும் சாதாரண பேரிங் கிரீஸும் இன்ஜின் ஆயிலும் காலிப்பரின் ரப்பர் பாகங்களை ஊதிப் பெருக்கச் செய்யும். ஊதிய ரப்பருக்குள் பின் இறுகிவிடும். சரிசெய்யப் போன பழுதை நாமே உண்டாக்கியதாக ஆகிவிடும். அதேபோல், சுத்தம் செய்ய மண்ணெண்ணெயோ டீசலோ வேண்டாம். அவை ஆவியாகாமல் படிந்து பேடில் ஊறும்.

பிரேக் கீச்சிடுகிறது என்று டிஸ்கின் மேல் துரு நீக்கும் ஸ்பிரேயை அடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒலி உடனே நிற்கும், உண்மைதான். கூடவே பிரேக்கும் நிற்கும். டிஸ்கிலும் பேடின் முகத்திலும் எண்ணெய்ப் பசை எதுவும் படக்கூடாது.

3. காரைத் தூக்குவது

சமதளமான, கெட்டியான தரையில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, முதல் கியரில் வைத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வீல் நட்டுகளைக் கார் தரையில் இருக்கும்போதே கால் சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு முயன்றால் சக்கரம் நட்டோடு சேர்ந்து சுழலும், அந்த இழுப்பில் கார் ஜாக்கியிலிருந்து நழுவவும் கூடும்.

கையேட்டில் காட்டியிருக்கும் இடத்தில் ஜாக்கியை வைத்துத் தூக்கி, உடனே ஜாக் ஸ்டாண்டை வைத்து, எடையை அதன்மேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக்கூடாது. கழற்றிய சக்கரத்தைக் காரின் பக்கவாட்டுச் சட்டத்துக்கு அடியில் படுக்க வைப்பது கூடுதல் காப்பு.

காலிப்பரின் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியும்படி ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பி வையுங்கள்.

4. காலிப்பரைத் திறப்பதற்கு முன்

கியரை நியூட்ரலுக்கு மாற்றி, டிஸ்கைக் கையால் சுழற்றிப் பாருங்கள். டிஸ்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகரக் கவசம் வளைந்து டிஸ்கைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். கவசத்துக்கும் டிஸ்குக்கும் இடையில் ஒரு சிறு ஜல்லிக்கல் சிக்கியிருக்கலாம். புதிதாகத் தார் போடும் சாலையில் போய்வந்த பிறகு திடீரென்று தொடங்கிய ஒலி என்றால் முதலில் தேட வேண்டியது இந்தக் கல்லைத்தான். கவசத்தை விரலால் ஒரு மி.மீ. பின்னுக்கு வளைத்துவிட்டாலே கல் கீழே விழும், வேலையும் அத்தோடு முடிந்துவிடும். பார்த்து முடித்ததும் கியரை மீண்டும் போட்டுவிடுங்கள்.

பிரேக் தூளை வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயாலும் அடிக்காதீர்கள். பழைய பேட்களில் கல்நார் கலந்திருக்க வாய்ப்புண்டு. கிளீனரை அடித்து ஈரமாக்கி, துணியால் துடைத்தெடுப்பதே முறை.

5. காலிப்பரைத் திறப்பது

கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் நான்கைந்து படங்கள் எடுத்து வையுங்கள். எந்தப் பேட் உள்பக்கம், எச்சரிக்கைத் தகடு மேலா கீழா, கிளிப்பின் நாக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதெல்லாம் ஒரு மணி நேரத்தில் மறந்துபோகும். புதிதாகச் செய்பவர்கள் உள்பேட்டையும் வெளிப்பேட்டையும் மாற்றி மாட்டிவிட்டு, பிறகு காலிப்பர் மூடவில்லை என்று சுத்தியலைத் தேடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பெரும்பாலான சிறிய கார்களில் கீழ் போல்ட்டை மட்டும் கழற்றினால் காலிப்பர் மேல் பின்னைச் சுற்றிக் கதவுபோல் மேலே திறக்கும். போல்ட் திரும்பும்போது பின்னும் கூடவே திரும்பினால், பின்னின் தட்டையான பகுதியை மெல்லிய ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். காலிப்பரை முழுதாக எடுக்க நேர்ந்தால் கட்டுக்கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட வேண்டும். அதன் எடை பிரேக் ஹோஸில் (பிரேக் ஆயில் வரும் ரப்பர் குழாயில்) தொங்கினால் ஹோஸ் உள்ளுக்குள் கிழியும். வெளியே எதுவும் தெரியாது.

காலிப்பர் திறந்திருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக்கூடாது. பிஸ்டன் வெளியே வந்து விழுந்துவிடும். காரில் விளையாடும் குழந்தைகள் இருந்தால் கதவைப் பூட்டிவிடுங்கள்.

6. பேடின் தேய்மானத்தைப் படிப்பது

இரண்டு பேட்களையும் எடுத்துத் தரையில் அருகருகே வையுங்கள். புதிய பேடில் உராய்வுப் பொருள் ஏறத்தாழ 10 மி.மீ. இருக்கும், 3 மி.மீ.க்குக் குறைந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். மாற்றினால் இடம், வலம் இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது கார் ஒருபக்கம் இழுக்கும்.

தடிமனைவிட முக்கியமானது, தேய்மானம் எப்படி இருக்கிறது என்பது. இரண்டும் சமமாகத் தேய்ந்திருந்தால் காலிப்பர் ஒழுங்காக நகர்கிறது. உள்பேட் அதிகமாகத் தேய்ந்து வெளிப்பேட் அப்படியே இருந்தால் பின்கள் இறுகியிருக்கின்றன, அல்லது பிஸ்டன் பின்வாங்கவில்லை. ஒரே பேட் ஆப்புபோல ஒரு முனையில் மெலிந்திருந்தால், பேடின் காது (அதன் முனையில் நீட்டியிருக்கும் பகுதி) கிளிப்பில் சிக்கிக்கொண்டிருக்கிறது, அல்லது இரண்டு பின்களில் ஒன்று மட்டும் இறுகியிருக்கிறது. இந்த நிலையில் புதிய பேட் மாட்டினாலும் அதுவும் இதே வடிவத்தில்தான் தேயும்.

பேடின் முகம் சொரசொரப்பாக, மங்கலாக இருக்க வேண்டும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது கண்ணாடிபோல் பளபளத்தால் அது அதிகச் சூட்டில் இறுகிப்போயிருக்கிறது. மலைப்பாதையில் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே இறங்கி வந்த கார்களில் இதை அடிக்கடி காணலாம். தடிமன் போதுமானதாக இருந்தால், 120 எண் உப்புத்தாளைச் சமமான டைல்ஸ் தரையில் விரித்து, பேட்டை அதன்மேல் எட்டு வடிவில் தேய்த்தால் பளபளப்பு நீங்கும். தாளைக் கையில் பிடித்துப் பேட்டைத் தேய்க்காதீர்கள். ஓரங்கள் குழிந்து, டிஸ்கில் முழுதாகப் படியாது. ஓரங்களில் ஏற்கெனவே சரிவு இருந்து தேய்ந்துபோயிருந்தால் அரத்தால் அதை மீண்டும் சிறிது கொடுக்கலாம். கூர்மையான ஓரம்தான் முதலில் டிஸ்கைக் கவ்வி அதிர்கிறது.

எண்ணெயோ பிரேக் ஆயிலோ ஊறிய பேட்டைக் காப்பாற்ற முயல வேண்டாம். அடுப்பில் சுட்டு எண்ணெயை எடுத்துவிடலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள்.

7. டிஸ்க்

விரல் நகத்தை டிஸ்கின் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். லேசான வரிகள் இயல்பானவை. நகம் சிக்கிக்கொள்ளும் அளவுக்குப் பள்ளங்களோ, சூட்டினால் நீலம் பாய்ந்த திட்டுகளோ இருந்தால் லேத் பட்டறையில் கடைந்துவிட வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். கடைவதற்கு முன் தடிமனைப் பார்ப்பது அவசியம்: டிஸ்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருக்கும். கடைந்த பிறகு அந்த அளவுக்குக் கீழே போகும் என்றால் கடைவதில் பயனில்லை.

இங்கே ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது. பேட் படாத விளிம்பில் துருவேறிய மேடு ஒன்று உருவாகியிருக்கும். வெர்னியர் காலிப்பர் என்ற அளவுகோலால் நேரடியாக அளந்தால் அதன் தாடை இந்த மேட்டின் மேல் உட்கார்ந்து, தேய்ந்த டிஸ்கையும் தடிமனாகக் காட்டும். மைக்ரோமீட்டர் இல்லையென்றால், ஒரே வகை நாணயங்கள் இரண்டை எடுத்து, டிஸ்கின் இருபுறமும் பேட் உரசும் பகுதியில் வைத்து அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழித்துக்கொள்ளுங்கள்.

8. பின்கள், கிளிப்புகள், பிஸ்டன்

மற்ற எதையும் அவசரமாகச் செய்தாலும், இந்தப் பகுதியை நிதானமாகச் செய்யுங்கள். திரும்பத் திரும்ப வரும் கீச்சொலிகளில் நான் சரிசெய்தவை பெரும்பாலும் இங்கேதான் முடிந்தன.

இரண்டு பின்களையும் வெளியே இழுங்கள். நல்ல நிலையில் இருந்தால் இரண்டு விரலால் இழுத்தாலே வழுக்கிக்கொண்டு வரும். ஒருமுறை உறவினர் ஒருவரின் காரில் மேல் பின் எளிதாக வந்தது. கீழ்ப் பின்னை பிளையரால் பிடித்துத் திருகித் திருகி எடுக்க வேண்டியிருந்தது. பின்னை மூடும் ரப்பர் ‘பூட்’ உறையின் மடிப்பில் ஊசிமுனை அளவு கிழிசல், அதன் வழியே மழைநீர், உள்ளே கிரீஸ் காய்ந்து பனங்கருப்பட்டிபோல் பின்னைச் சுற்றி ஒட்டியிருந்தது. ஓர் ஆண்டில் இரண்டு முறை பேட் மாற்றியும் ஒலி போகாத கார் அது. அந்த ரப்பரை மாற்றி, பின்னைத் துடைத்துப் புதிய கிரீஸ் இட்டதும் பழைய பேட்களோடேயே ஒலி நின்றது.

பின்னையும் அதன் துளையையும் கிளீனரால் துடைத்து, பின்னின்மேல் மெல்லிய படலமாகக் கிரீஸ் தடவுங்கள். துளை நிறையக் கிரீஸைத் திணித்தால் உள்ளே காற்று அடைபட்டு, பின்னைத் தள்ளிய பிறகு அது தானே வெளியே வரும்; காலிப்பரும் தன் இடத்தில் நிற்காது. பின்கள் இரண்டில் ஒன்றுக்கு மட்டும் நுனியில் ரப்பர் உறை இருந்தால், அது எந்தத் துளையிலிருந்து வந்ததோ அதற்கே போக வேண்டும்.

அடுத்து, பேடின் காதுகள் உட்காரும் எஃகு கிளிப்புகளைக் கழற்றுங்கள். அவற்றுக்கு அடியில், காலிப்பரைத் தாங்கும் இரும்புத் தாங்கியின் பள்ளத்தில் துரு பருத்திருக்கும். வெளியிலிருந்து பார்க்கக் கிளிப் பளபளப்பாகவே இருக்கும். அடியில் பருத்த துரு அதை உள்ளே தள்ளி, பேடின் காதை இறுக்கிக்கொண்டிருக்கும். வயர் பிரஷ்ஷால் துருவை எடுத்து, தேவையானால் அரத்தால் ஓரிரு முறை மட்டும் இழுங்கள். துருவைத்தான் எடுக்க வேண்டும், இரும்பை அல்ல. பள்ளம் பெரிதாகிவிட்டால் பேட் ஆடும், சாக்பீஸைக் கோடியில் பிடித்த கதையாகிவிடும். கிளிப்பின் விறைப்புப் போயிருந்தால் புதிய கிளிப் போடுங்கள்.

கிளிப் மாட்டிய பிறகு பேட்டை அதில் நுழைத்துப் பாருங்கள். கைவிரல் அழுத்தத்திலேயே நகர வேண்டும், ஆனால் தானாக நழுவி விழக்கூடாது. புதிய பேடின் காதில் பெயின்ட் தடித்திருந்தால் அரத்தால் அதை மட்டும் நீக்குங்கள்.

பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள். பேட் தேயத் தேய ஆயில் மட்டம் இறங்கும். யாராவது நடுவில் ஊற்றி நிரப்பியிருந்தால், பிஸ்டனைத் தள்ளும்போது ஆயில் பொங்கி வழியும். அது பெயின்ட்டை அரித்துவிடும். மட்டம் உச்சக்கோட்டில் இருந்தால் ஊசியற்ற சிரிஞ்சால் சிறிது எடுத்துவிடுங்கள். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பிறகு பழைய பேட்டைப் பிஸ்டன்மேல் வைத்து, சி-கிளாம்பால் மெதுவாக, நேராகத் தள்ளுங்கள். பிஸ்டன் நகராமல் அடம்பிடித்தாலோ, அதன் ரப்பர் ஓரம் கசிந்திருந்தாலோ வேலையை அங்கேயே நிறுத்தி, காலிப்பரை மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

பின்சக்கர டிஸ்க் உள்ள கார்களில் ஹேண்ட் பிரேக் பல சமயம் காலிப்பருக்குள்ளேயே இருக்கும். அந்தப் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே செலுத்த வேண்டும். கிளாம்பால் தள்ளினால் உள்ளிருக்கும் அமைப்பு உடையும். மின்சார ஹேண்ட் பிரேக் என்றால், ஸ்கேனர் கருவியால் அதைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவந்த பிறகே தொட வேண்டும்.

9. மீண்டும் பொருத்துவது

பேடின் முதுகில் இருக்கும் மெல்லிய ஷிம் தகட்டைப் பலர் தேவையில்லாத தகரம் என்று தூக்கி எறிந்துவிடுகிறார்கள். பேடின் அதிர்வு பிஸ்டனுக்குப் போகாமல் தடுப்பது அதுதான். புதிய பேட்டோடு ஷிம் வரவில்லை என்றால், நல்ல நிலையில் உள்ள பழையதைச் சுத்தம் செய்து மாட்டுங்கள்.

பிரேக் கிரீஸ் படவேண்டிய இடங்கள் மூன்றே: ஷிம்முக்கும் பேடின் முதுகுக்கும் இடையில், பிஸ்டனும், வெளிப்பேட்டை அழுத்தும் காலிப்பர் விரல்களும் ஷிம்மைத் தொடும் இடத்தில், பேடின் காதுகளில். மூன்றிலும் விரலால் தொட்டுத் துடைத்ததுபோல் மெல்லிய பூச்சுப் போதும். வழுக்கும் பூச்சு உள்ள புதிய கிளிப்புகளின் பெட்டியில் கிரீஸ் வேண்டாம் என்று அச்சிட்டிருந்தால் காதுகளுக்குத் தடவாதீர்கள். கையுறையில் ஒட்டிய கிரீஸ் டிஸ்கில் படுவது எளிது. ஆகவே, கடைசியாக டிஸ்கின் இருபுறத்தையும் கிளீனரால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். புதிய டிஸ்க் என்றால் அதன்மேல் துருத் தடுப்பு எண்ணெய் இருக்கும், அதையும் முழுதாக நீக்க வேண்டும்.

காலிப்பர் போல்ட்டையும் வீல் நட்டுகளையும் கையேட்டில் சொன்ன முறுக்கு அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். வீல் நட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றுகளில் இறுக்க வேண்டும். குழாய் மாட்டிக் காலால் மிதித்து இறுக்கினால் ஹப்பும் டிஸ்க்கும் கோணலாகும்.

இன்ஜினை இயக்குவதற்கு முன் பெடலைப் பலமுறை மிதியுங்கள். முதல் சில மிதிகளில் பெடல் தரைவரை போகும், ஏனெனில் பிஸ்டன் பேட்டிலிருந்து விலகி நிற்கிறது. பெடல் கெட்டியாகும்வரை காரை ஓர் அடிகூட நகர்த்தாதீர்கள். இந்த ஒரு படியை மறந்து, போர்டிகோவிலிருந்து நேராகக் கேட்டில் மோதியவர்கள் உண்டு. பெடல் கெட்டியான பிறகு ஆயில் மட்டத்தை மீண்டும் பாருங்கள்.

10. பேட்டைப் படிய வைப்பது

புதிய பேட்டானாலும் உப்புத்தாளில் தேய்த்த பேட்டானாலும் டிஸ்கோடு சீராகப் படிய வேண்டும்; இல்லாவிட்டால் திட்டுத்திட்டாகப் பிடித்துக் கீச்சிடும். போக்குவரத்து இல்லாத சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வேகம்வரை மிதமாக, சீராகக் குறையுங்கள். மீண்டும் வேகமெடுத்து, சற்றுத் தூரம் ஓடவிட்டுச் சூடு தணிந்ததும் திரும்பச் செய்யுங்கள். எட்டு முதல் பத்து முறை போதும். சூடாக இருக்கும்போது காரை முழுதாக நிறுத்திப் பெடலை மிதித்தபடி நிற்கக்கூடாது, ஏனெனில் பேடின் பொருள் டிஸ்கில் ஓரிடத்தில் மட்டும் அச்சுப் பதித்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். முடித்த பிறகு ஐந்து, பத்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள்.

லேசான கருகல் வாடை வரும், அது இயல்புதான். புகை வந்தால் நிறுத்தி ஆறவிட வேண்டும்.

11. பின்சக்கர டிரம்

ஒலி பின்னாலிருந்து வந்தால் பெரும்பாலும் டிரம்முக்குள் சேர்ந்த தூளோ, ஷூ (டிரம்மின் உட்புறத்தை அழுத்தும் உராய்வுத் துண்டு) நகரும் தகட்டின் மேடுகளில் கிரீஸ் காய்ந்ததோதான் காரணம். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு டிரம்மைக் கழற்றி, தூளை ஈரத்துணியால் துடைத்து, அந்த மேடுகளில் மட்டும் சூடு தாங்கும் கிரீஸைப் புள்ளிபோல் வைத்தால் போதும். ஸ்பிரிங்குகளை முதல்முறையே கழற்ற வேண்டாம்; கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள். மாட்டும்போது பார்த்துச் செய்ய ஒரு பக்கம் அப்படியே இருக்க வேண்டும்.

12. இவ்வளவுக்கும் பிறகு ஒலி கேட்டால்

200, 300 கி.மீ. ஓட்டிய பிறகும் ஒலி இருந்தால், பேடின் வகையை மாற்றிப் பார்க்கலாம். உலோகத் துகள் அதிகம் கலந்த பேட்கள் இயல்பிலேயே சற்று ஒலிக்கும். கரிமப் பொருள் பேட்களும் செராமிக் பேட்களும் பொதுவாக அமைதியானவை. காரோடு வந்த வகைக்கே திரும்புவது பல சமயம் தீர்வாகிறது. மலிவான போலிப் பேட்டுக்கு நான் மேலே சொன்ன எந்த மருந்தும் வேலை செய்யாது.

மெக்கானிக்கிடம் கொண்டுபோக முடிவு செய்தால் முதல் பகுதியில் எழுதி வைத்த குறிப்பைக் காட்டுங்கள். பின்களையும் கிளிப்புகளையும் ஏற்கெனவே சுத்தம் செய்தாயிற்று, டிஸ்க் தடிமன் இவ்வளவு என்று சொல்லுங்கள். அப்போதுதான் அவர் டிஸ்கின் ஆட்டத்தையும் வீல் பேரிங்கையும் நேராகப் பார்க்கத் தொடங்குவார். அங்கே போனாலும் போகாவிட்டாலும், சக்கரம் கழற்றி மாட்டிய முதல் 100 கி.மீ.க்குள் வீல் நட்டுகளை டார்க் ரென்ச்சால் ஒருமுறை சரிபார்த்துவிட வேண்டும்.